மீன் பெட்டித் தோட்டம்

மருமகளாகச் சங்கரன்கோவில் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். கிழக்கு ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு தெர்மாகோல் பெட்டிகள் வரிசையாக இருந்தன. வெளிப்பக்கம் கோவில் மதில் மாதிரி காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருந்தது. உள்ளே தக்காளி, பச்சை மிளகாய், செவ்வந்தி, மரிக்கொழுந்து. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் மரிக்கொழுந்து வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனையும் மெலிசாக வந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து ஒரு பெட்டியை முகர்ந்தேன். நான் தூத்துக்குடிக்காரி, இந்த விஷயத்தில் என் மூக்கை ஏமாற்ற ஒருத்தர் பிறந்து வர வேண்டும். பெட்டியின் மூலையில் காவி உரிந்து, நீல மையில் எழுதியிருந்தது தெரிந்தது: 'சீலா 20'. இருபது கிலோ சீலா மீன் ஐஸ் போட்டு வந்து இறங்கிய பெட்டி அது.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பவர்களுக்கு அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேக் வாங்கினால் முட்டை போட்டதா என்று கடைக்காரரிடம் மூன்று முறை கேட்கிற வீடு. என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், பேருந்து மீன் மார்க்கெட்டைத் தாண்டும்வரை முந்தானையால் மூக்கைப் பொத்தி மூச்சை அடக்கிக்கொள்வார். ஒரு தடவை பேருந்து அங்கேயே பழுதாகி நின்றுவிட, இறங்கி நடந்து வந்தவர் வீட்டு வாசலில் நின்று தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வந்தாராம். நானும் அவர் மகனும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து, ஒருவரை ஒருவர் பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அத்தை என் சாதியைக்கூட மெல்ல மென்று விழுங்கிவிட்டார். மீன்தான் தொண்டையில் சிக்கியது. "இந்த வாசல் மிதிச்ச பொறவு மீனு நெனப்பே வரப்பிடாது" என்றார். நானும் தலையாட்டினேன். காதலிக்கிற காலத்தில் மனுசி எதற்குத்தான் தலையாட்ட மாட்டாள்?

அப்படிப்பட்ட வீட்டின் உச்சந்தலையில் பன்னிரண்டு மீன் பெட்டிகள். நான் நிமிர்ந்தபோது படியில் மாமா நின்றுகொண்டிருந்தார். கையில் தண்ணீர் ஊற்றுகிற தகரக் குவளை. அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், நெற்றி நிறையத் திருநீறு, யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், படிக்குக் கீழே எட்டிப் பார்த்தார்.

"யம்மா, ஒனக்குத் தெரிஞ்சு போச்சு, என்னா?"

"சீலா, மாமா" என்றேன்.

"அது மீனு பேரா? பெட்டிக்காரன் பொண்டாட்டி பேரா இருக்கும்னுல்லா நெனச்சேன்."

அன்றைக்கே நாங்கள் இருவரும் ஒரு கட்சி ஆகிவிட்டோம்.

அவர் கதை இதுதான். மாமா வாசுதேவநல்லூர்ப் பக்கத்து வயல்காரக் குடும்பம். நாற்பது வருசம் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஓய்வு பெற்ற மறுநாளே நாலு செடி வைக்க வேண்டும் என்று கை துருதுருத்திருக்கிறது. வீட்டைச் சுற்றிக் கைப்பிடி மண் கிடையாது, மாடிதான் கதி. மாடியோ மழை பெய்தால் உள்ளே சொட்டுகிற பழைய மாடி. கொத்தனார் வந்து தட்டிப் பார்த்து, இதற்கு மேல் பாரம் ஏற்றினால் மாடி நடுவீட்டுக்கு வந்துவிடும் என்று சொல்லிவிட்டார். மண் தொட்டி, சிமெண்டுத் தொட்டி எதையும் ஏற்றக் கூடாது என்று அத்தை படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பாரமில்லாத தொட்டி எது என்று மாமா ஊர் முழுக்கத் தேடினார். மருந்துக் கடையில் ஊசி மருந்து வந்த தெர்மாகோல் பெட்டி ஒன்று கிடைத்தது. அதில் ஒரு மிளகாய்ச் செடி பாதி வேரை விட்டுவிட்டுப் பாதி வேருக்கு இடம் கேட்டது. பெரிய பெட்டி எங்கே கிடைக்கும் என்று கேட்டதற்கு, மருந்துக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே மீன் மார்க்கெட் பக்கம் கையைக் காட்டியிருக்கிறார்.

தூத்துக்குடியிலிருந்து வேன்கள் விடிய விடிய வந்து இறக்கிய பெட்டிகள் அங்கே மலையாகக் கிடந்தன. மீன் கடை அண்ணாச்சிக்கு அவை குப்பை, மாமாவுக்கு வயல். கடைக்குப் பின்னால் இருந்த குழாயிலேயே பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, அங்கேயே வெயிலில் காயவைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, போதாக்குறைக்கு ஒவ்வொரு பெட்டிக்கும் திருநீறு பூசி, வீட்டுக்கு வரும் வழியில் நண்பர் ஒருவரின் தறிக்கொட்டகையில் வைத்துக் காவிப் பட்டை அடித்துத்தான் கொண்டுவருவார். அத்தையிடம், "மருந்துக் கடையில குடுத்தான்" என்று ஒரு வார்த்தை. அத்தை அதைப் பரம பக்தியோடு நம்பினார். பக்கத்து வீட்டில் போய், ஊசி மருந்துப் பெட்டியில் காய்த்த தக்காளி, சர்க்கரைக்கு நல்லது என்று சொல்லிக் கொடுத்தும் வந்தார்.

பெட்டியில் செடி வைப்பதற்கும் சில சூட்சுமங்கள் உண்டு. ஓட்டையை அடியில் போடக் கூடாது, பக்கவாட்டில் ஒரு விரல் உயரத்தில் போட வேண்டும். அப்போதுதான் அடியில் கொஞ்சம் தண்ணீர் தங்கி நம் ஊர் வெயிலுக்கு வேர் தாங்கும். கம்பியை அடுப்பில் காய்ச்சிக் குத்தினால் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும், ஆனால் அந்தப் புகை நாற்றம் இரண்டு நாளைக்குப் போகாது. உடைந்த பெட்டிகளைப் பிட்டு மண்ணுக்கு அடியில் போட்டால் பாரமும் குறையும், வேருக்குக் காற்றும் போகும். பிட்டுப் போடுவதில் ஒரே ஒரு கஷ்டம். ஆடிக் காற்று நேரத்தில் அந்த வெள்ளைப் பொடி ஊரெல்லாம் பறக்கும். அத்தை காயவைத்த கூழ்வற்றலில் அது கலந்துவிட, அந்த வருசம் எங்கள் வீட்டு வற்றல் எண்ணெயில் போட்டதும் ஒரு பக்கம் பொரிந்து இன்னொரு பக்கம் உருகியது.

தெருப் பூனைகளுக்கு மருந்துக் கடைக் கதை எடுபடவில்லை. நாள் தவறாமல் மூன்று பூனைகள் வந்து பெட்டிகளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, ஏதோ வாக்குக் கொடுத்துவிட்டு வராமல் போனவருக்காகக் காத்திருப்பது போல முழிக்கும். அத்தை அதற்கும் காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். "மருந்து வாசனைக்கு வருதுட்டி. அதுகளுக்கும் என்ன சீக்கோ, வாயில்லாத சீவன்." இதைக் கேட்டுவிட்டு மாமா சுவர்ப் பக்கம் திரும்பி நின்று வெகுநேரம் இருமுவார்.

என் பங்குக்கு நானும் ஒரு உபகாரம் செய்தேன். அப்போது எனக்குத் திருவேங்கடத்தில் வேலை. சுற்றிலும் கரிசல் காடு. அந்தக் கறுப்பு மண்ணைப் பார்த்தால் அள்ளித் தின்னலாம் போல இருக்கும். பருத்தியும் உளுந்தும் விளைகிற மண்ணில் செவ்வந்தி விளையாதா என்று, அலுவலகத்துக்கு வந்த, விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரியிடம் சொல்லி இரண்டு மூட்டை வாங்கி, பேருந்தில் ஏற்றிக் கொண்டுவந்தேன். நான் கடற்கரை மணலில் வளர்ந்தவள், மாமா குளத்து வண்டலில் வளர்ந்தவர். கரிசலின் குணம் எங்கள் இருவர் வம்சத்திலும் யாருக்கும் தெரியாது. ஆசை ஆசையாக ஐந்து பெட்டியில் நிரப்பித் தண்ணீர் ஊற்றினோம். மண் குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது, குடித்து வீங்கியது. மறுநாள் காலை 'டப்'பென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. மதியத்துக்குள் ஐந்து பெட்டியும் நாலாப் பக்கமும் பிளந்து வாயைத் திறந்துவிட்டன. திருவேங்கடத்துச் சம்சாரியிடம் கேட்டதற்கு, "அது தண்ணியக் குடிச்சா வீங்கும், காஞ்சா வெடிக்கும். காட்டுல கெடக்க வேண்டியதப் பொட்டிக்குள்ள போட்டு அடைச்சா சும்மா இருக்குமா?" என்றார். அதன்பிறகு செம்மண்ணும் மட்கிய சாணமும் தேங்காய் நார்க் கழிவும்தான். பிளந்த பெட்டிகளைத் தறிக்கொட்டகைக் கழிவு நூலால் இறுக்கிக் கட்டினோம்.

இந்தத் தோட்டத்தில் மாமாவுக்குத் தக்காளி முக்கியம், அத்தைக்குப் பூ முக்கியம். வெள்ளிக்கிழமைதோறும் செவ்வந்தியையும் மரிக்கொழுந்தையும் சேர்த்துக் கட்டிக் கோமதி அம்மனுக்குக் கொண்டுபோவார். கடைப்பூ வாங்கிப் போனால் காசுதான் போகும், கைப்பூ கொண்டுபோனால் மனசு போகும் என்பார். முதுகு வலியிலும் அந்தப் படிகளில் ஏறி, செருப்பை மாடிப் படியிலேயே கழற்றிவிட்டு, கோவிலுக்குள் நுழைவது போலத்தான் பெட்டிகளிடம் போவார். அதைப் பார்க்கிறபோதெல்லாம் மாமாவின் முகம் ஒரு மாதிரி ஆகும். சொன்னால் தோட்டம் போகும் என்பது ஒரு பக்கம். அத்தை அத்தனை வாரம் அம்மனுக்குக் கொடுத்த பூவெல்லாம் அவர் மனதில் அழுகிப் போகும் என்பதுதான் அவரை அரித்தது. ஒவ்வொரு வாரமும் அந்தக் கணக்கு ஏறிக்கொண்டே போனது.

நான் வந்து இரண்டு வருசம் ஆகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை வாசுதேவநல்லூரிலிருந்து அத்தையின் தம்பி மனைவி வந்திருந்தார். காபியைக் குடித்துத் தம்ளரை வைக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு ஆரம்பித்தார்.

"சொல்லப்பிடாதுதான் மதினி. சொல்லாமலும் இருக்க முடியல. போன வாரம் அண்ணன மீன் கடையில பாத்தேன். சும்மா கடந்து போகல. பெட்டி பெட்டியாத் தூக்கி மோந்து பாத்துக்கிட்டு நின்னாக."

உள்ளது உள்ளபடிதான். நாற்றம் குறைந்த பெட்டியைப் பொறுக்கி எடுப்பது மாமாவின் வழக்கம். ஆனால் பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்தவருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அத்தை அப்போது தரையில் உட்கார்ந்து அம்மனுக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்தார். மாமா தகரக் குவளையோடு படியில் பாதியில் நின்றார். நான் சாப்பாட்டுப் பையோடு வாசலில் நின்றேன்.

"ஏங்க, நீங்க மீனு திங்கீகளா?" என்று கேட்டார் அத்தை.

மாமா அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த பூச்சரத்தைத்தான் பார்த்தார். இல்லை என்றால் அடுத்த கேள்வி, அப்படியானால் அங்கே என்ன வேலை என்பதாக இருக்கும்.

"ஆமா" என்றார் மாமா.

"எத்தன நாளா?"

"நாலு வருசமா."

"எப்பவாச்சுமா?"

"வாரத்துக்கு ரெண்டு தடவ."

அத்தையின் கையிலிருந்து நார் நழுவியது. "என்ன மீனு?"

முட்டையைக்கூட உடைத்துப் பார்த்திராத மனிதருக்கு மீனைப் பற்றி என்ன தெரியும்? பெட்டியில் படித்ததுதான் தெரியும். அப்படியே ஒப்பித்தார். "சீலா. இருபது கிலோ."

"இருபது கிலோவா?" என்று தம்பி மனைவி கேட்டது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

அன்று மாலை மாடியில் மாமாவிடம் சண்டை போட்டேன். பெட்டிக்காகத்தான் போனேன் என்று சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றேன். அவர் ஒரு செவ்வந்திச் செடியில் பழுத்த இலைகளைக் கிள்ளிக்கொண்டே, "நான் தின்னேன்னா அது என்னோட போகும் யம்மா. பெட்டின்னா அவ அம்மன் வரைக்குமுல்லா போவும்" என்றார். எனக்கு அந்த நேரத்தில் அவர்மேல் வந்த பிரியத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு கீழே வந்துவிட்டேன்.

தண்டனை உடனே அமலுக்கு வந்தது. மாமாவுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், சாப்பாடு பின்வாசலில். பூசை அறைப் பக்கம் வரக் கூடாது. காலையும் மாலையும் மஞ்சள் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். மார்க்கெட் பக்கம் கால் வைக்கவே கூடாது. அதனால் பெட்டி கொண்டுவரும் வேலை என் தலையில் விழுந்தது. திருவேங்கடம் பேருந்திலிருந்து இறங்கி, மீன் கடைக்குப் போய், மீனைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு, வெறும் பெட்டியை வாங்கிக்கொண்டு வருவேன். என் பொறுமைக்கு இதைவிடப் பெரிய சோதனை உண்டா? மீன் கடை அண்ணாச்சி, "பெரியவருக்கு ஒடம்புக்கு என்ன?" என்று ஒவ்வொரு தடவையும் விசாரிப்பார். ஊரிலேயே மீன் சாப்பிடாத ஒரே வாடிக்கைக்காரர் என்பதால் அவருக்கு மாமாமீது தனி மரியாதை.

பின்வாசலில் தனியாகச் சாப்பிட்டுப் பழக்கமில்லாத மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. நாலு மாதத்தில் சட்டை தொளதொளத்துவிட்டது. அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார். கோபம் மெல்ல மெல்ல வேறு ஏதோவாக மாறிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கொல்லைப்புறம் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"ஏட்டி, மாமாவப் பாத்தியா? எலும்புந் தோலுமா ஆயிட்டாக. ஆசைய அடக்குனா மனுசன் கரைஞ்சு போவான்னு எங்கம்மா சொல்லுவா. நீ தின்னு வளந்தவ, ஒனக்குத்தான் வைக்கத் தெரியும். மாடியில வச்சுக் குடு. சட்டி புதுசா வாங்கிக்கோ. வீட்டுக் கரண்டி வேண்டாம்."

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மீன் பெயரைச் சொன்னாலே வாயைக் கழுவுகிறவர், கட்டினவருக்காக அந்த இடத்துக்கு வந்து நின்றார். இதற்கு முன்னால் அவருக்கு நான் பயந்திருக்கிறேன், அவரைப் பரிகாசம் செய்திருக்கிறேன். அன்றைக்குத்தான் கும்பிடத் தோன்றியது.

கும்பிட்டுவிட்டு நேரே மீன் கடைக்கு ஓடினேன். புதுச் சட்டி, ஒற்றை அடுப்பு, புளி, தேங்காய் அரைப்பு. பெட்டிகளுக்கு நடுவே சீலா மீன் குழம்பு கொதித்தபோது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. மூன்று பூனைகளும் வந்து, வாக்குக் காப்பாற்றப்பட்ட திருப்தியோடு உட்கார்ந்துகொண்டன. மாமாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து இலையைப் போட்டேன். அத்தை படியில் எங்களுக்கு முதுகைக் காட்டி, மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

மாமா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கோர்ட்டுக் கைதி இருந்தார். "யம்மா, இதுல முள்ளு எது, மீனு எது?" என்று உதடு மட்டும் அசைத்தார். நான் ஒரு துண்டைப் பிட்டு முள்ளை எடுத்துவிட்டுக் கொடுத்தேன். கண்ணை மூடி, "சிவசிவா" என்று சொல்லி வாயில் போட்டு, மாத்திரை விழுங்குவது போல முழுங்கினார். தொண்டையில் ஏதோ மாட்டியது. வெறும் சோற்றை உருட்டிக் கொடுத்தேன். முகம் சிவந்து கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"எப்படிங்க இருக்கு?" என்றார் அத்தை, திரும்பாமலே.

"நல்லாருக்கு" என்றார் மாமா.

அத்தை திரும்பிப் பார்த்தார். கண்ணீரைப் பார்த்தார். "பாவம், எம்புட்டு ஆசையா இருந்திருக்காக" என்று சொல்லிவிட்டுத் தாமும் அழ ஆரம்பித்தார். மறுநாளே தனித் தட்டு போனது. மாமா பழையபடி அடுக்களையில் அத்தைக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். சட்டையும் பொருந்த ஆரம்பித்தது. அதையும் அத்தை மீன் குழம்பின் கணக்கில்தான் சேர்த்தார்.

அதோடு விட்டதா? மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு மீன் என்று அத்தை சட்டம் போட்டுவிட்டார். மாமா அந்த ஞாயிறு நெருங்க நெருங்க வாடுவார். வயிறு சரியில்லை என்று சொல்லிப் பார்ப்பார், மீன் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்பார் அத்தை. ஒரு வாய் அவருக்கு, மிச்சம் எனக்கும் பூனைகளுக்கும். "இதையா உங்க ஊர்ல ஆசையாத் திங்கீக?" என்று கடைசிவரை அவருக்கு ஆச்சரியம் தீரவில்லை. நான் மனதார அவருக்காக வருத்தப்பட்டேன். வாய் நிறைய மீன் இருந்ததால் அதை வெளியே சொல்ல முடியவில்லை.

மாமா போய் இரண்டு வருசம் ஆகிறது. ஒரு மதியம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்கி வந்து நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கஷ்டப்படவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நாங்கள் பட்டோம். இப்போது மாடிச் செடிக்கென்றே பச்சைப் பைகள் கடையில் கிடைக்கின்றன. என் வீட்டுக்காரர் பத்துப் பை வாங்கி வந்தார். "உங்கப்பா வச்ச பொட்டிய எடுக்கப்பிடாது" என்று அத்தை சொல்லிவிட்டார். வெயிலில் பொரிந்து உதிர்கிற பெட்டிக்குப் பதிலாக நான்தான் கழுவி, பட்டை அடித்து, மருந்துக் கடையில் கொடுத்தார்கள் என்று சொல்லி வைக்கிறேன். வெள்ளிக்கிழமை செவ்வந்தி தவறுவதில்லை.

போன மாதம் மாமாவின் திவசம். கீழே அய்யர் வந்து எல்லாம் முறைப்படி, வாழைக்காயும் பாசிப்பருப்பும் பாயசமுமாக முடிந்தது. அய்யர் தெருமுனை திரும்பியதும் அத்தை என் கையைப் பிடித்தார். போன வருசம் போலவே மாடியில் சட்டி தயாராக இருந்தது. போனவருக்குப் பிடித்ததை வைக்காத திவசம் என்ன திவசம் என்பது அத்தையின் கட்சி. இலைத் துண்டில் சோறு வைத்து, மேலே ஒரே ஒரு துண்டு மீன் வைத்து, பெட்டி ஒன்றின் விளிம்பில் வைத்தேன். அத்தை மூக்கைப் பொத்தவில்லை. காக்கா வந்தது. சோற்றைப் பார்க்கவே இல்லை, மீனைக் கவ்விக்கொண்டு பறந்தே போய்விட்டது.

அத்தை அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். "பாத்தியாட்டி? இம்புட்டு ஆசைய வச்சுக்கிட்டுல்லா இருந்திருக்காக. நான் பாவி, நாலு மாசம் பின்வாசல்ல ஒக்கார வச்சனே."

எனக்குத் தாங்கவில்லை. மாமா மீனே சாப்பிட்டதில்லை, உங்கள் பூவுக்காகத்தான் அத்தனையும் என்று சொல்லிவிட வாயைத் திறந்துவிட்டேன். அந்தக் குற்ற உணர்ச்சியிலிருந்தாவது அவர் தப்பிக்கட்டும் என்று நினைத்தேன். ஆனால் மறுநாள் வெள்ளிக்கிழமை. அத்தை பேசிக்கொண்டே குனிந்து, சீலா வந்த பெட்டியிலிருந்து அம்மனுக்குச் செவ்வந்தி பறித்து மடியில் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பூவையும் கண்ணில் ஒற்றிவிட்டுத்தான் போட்டார்.

"ஆமா அத்தை. மாமாவுக்கு அவ்வளவு ஆசை" என்றேன்.

அத்தை தலையாட்டினார். இரண்டு படி இறங்கியவர் நின்று திரும்பினார்.

"வார வருசம் ரெண்டு துண்டா வையி. மனுசன் இருபது கிலோ தின்னவரு, ஒண்ணு எந்த மூலைக்கு?"